இருப்பவர்களுக்குக் கலர்

பதினோரு வருடம் செத்தவர்களை வைத்துத்தான் சாப்பிட்டேன். சிம்மக்கல்லில் ஒரு சந்துக்குள், ஒரு கம்ப்யூட்டரும் ஒரு மேசை விசிறியும் மட்டும் உள்ள கடையில் உட்கார்ந்து கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். மதுரையில் ஆள் போய்விட்டால் சொந்தக்காரர்களுக்குச் சொல்லும்போதே போஸ்டர் கடைக்கும் சொல்லிவிடுவார்கள். "மாப்ள, பன்னெண்டு மணிக்கு எடுக்குறாக. பத்துக்குள்ள செவத்துல இருக்கணும்" என்று போன் வரும். போட்டோ வாட்ஸ்அப்பில் வரும். சில குடும்பங்கள் ஆஸ்பத்திரியில் மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே, எதற்கும் இருக்கட்டும் என்று போட்டோவை அனுப்பி வைத்துவிடுவார்கள். நானும் செய்து வைத்துக்கொண்டு, தேதியை மட்டும் காலியாக விட்டுவிட்டுக் காத்திருப்பேன்.

அந்தப் போஸ்டருக்கு ஓர் ஒழுங்கு உண்டு. செத்தவர் நடுவில், பெரிதாக, கறுப்பு வெள்ளையில். அவரைச் சுற்றிப் பூ வட்டம். அடியில் தேதி. அதற்கும் கீழே வரிசையாக, வருந்துகிறவர்கள். அவர்கள் கலரில் இருப்பார்கள். கூலிங் கிளாஸ் போட்டிருப்பார்கள், காதில் போன் வைத்திருப்பார்கள், ஓரிருவர் சிரித்துக்கொண்டும் இருப்பார்கள். செத்தவருக்குக் கறுப்பு வெள்ளை, இருப்பவர்களுக்குக் கலர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கூட ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஒரு பார்வையில் யார் போனது, யார் இருக்கிறது என்று தெரிந்துகொள்வார். ஒரு முறை ஒருவன் ஆசைப்பட்டான் என்று அவன் அப்பாவைக் கலரில் போட்டுக் கொடுத்தேன். சித்தப்பா கடைக்கே வந்து சட்டையைப் பிடித்தார். "எங்கண்ணன் என்ன கல்யாணத்துக்கா போயிருக்காரு?"

கலரை எடுப்பதற்கு ஒரு சொடுக்குப் போதும். ஒரு கையில் புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே மறு கையால் எத்தனையோ பேருடைய கலரை எடுத்திருக்கிறேன்.

அப்புறம் ஊரில் சுவர் ஓவியம் வந்தது. பாலத்துத் தூண், பள்ளிக்கூடத்துச் சுவர், குடிநீர்த் தொட்டி என்று எதையும் விடாமல் வரைய ஆரம்பித்தார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கை நன்றாக வரும். கடையை விட்டுவிட்டுச் சாரத்தில் ஏறினேன். அங்கேதான் அந்தச் சென்னைப் பெண்ணோடு சேர்ந்தேன். கலைக் கல்லூரியில் படித்தவள், பல ஊர்களில் சுவர் செய்தவள். அவளுக்கு ஊர்க்காரன் ஒருவன் கூட வேண்டியிருந்தது. "அண்ணா, இதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று முதல் நாளே கேட்டாள். "கிராபிக் டிசைன்" என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மரியாதை இருந்தது. அதை இழக்க எனக்கு மனமில்லை. நடந்தது அத்தனைக்கும் காரணம் அந்த ஒரு பார்வைதான்.

எங்களுக்குக் கிடைத்தது சிம்மக்கல் பஸ் ஸ்டாப்பை ஒட்டிய மூன்று மாடிக் கட்டடத்தின் பக்கச் சுவர். நகரத்துச் சுவர்களை அழகு செய்கிற ஓர் அமைப்பு அதற்கு அனுமதி வாங்கிக் கொடுத்திருந்தது. உழைக்கிற ஒருவரின் முகம் வேண்டும் என்றார்கள். தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. அந்தச் சுவரின் அடியிலேயே இட்லி வண்டி போட்டிருந்த அக்கா இருந்தார். சுவரை அளக்கப் போன நாளிலிருந்து எங்களுக்குக் காலைச் சாப்பாடு அவரிடம்தான். துணியில் ஊற்றிய இட்லி, கையில் வழிந்தோடும் தண்ணிச் சட்னி. அவர் முகத்தில் இருந்த கோடுகளும் நிழலும் வரைகிறவனுக்குத் தோதாக இருந்தன.

"என்னையவா? எம்புட்டுப் பெருசா?" என்று கேட்டார். மூன்று மாடிக்கும் என்றேன். கரண்டியை வண்டியில் வைத்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் போட்டோ எடுக்கப் போனபோது மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட சேலை கட்டி வந்திருந்தார். நெற்றியில் பெரிய குங்குமம். மூக்குத்தியைத் தொட்டுக் காட்டினார். "தம்பி, இது செவப்புக் கல்லு. அது செவப்பாத் தெரியணும். நான் கேக்குறது அம்புட்டுதான்."

சென்னைப் பெண் அவர் தோளில் கை வைத்து அன்பாகச் சொன்னாள். "அக்கா, கலர் போட்டா காலண்டர் மாதிரி ஆயிடும். கறுப்பு வெள்ளையிலதான் உங்க உழைப்பு தெரியும். சுத்தி வட்டமா மல்லிகைப்பூ போடுறோம், சூப்பரா இருக்கும்." வெளியூர்க்காரர்களுக்கு மதுரை என்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் மல்லிகைதான் தெரியும்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க இந்த ஊருதான. நீங்க சொல்லுங்க."

எனக்குத் தெரியும். இந்த ஊரில் கறுப்பு வெள்ளை முகத்தைச் சுற்றிப் பூ வட்டம் போட்டால் அதற்கு என்ன பொருள் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் ஒருவன் மதுரையில் இருந்தால் கூட்டி வாருங்கள். ஆனால் பெஞ்சில் நாலு சுமைதூக்கும் அண்ணன்மார் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாலு பேருக்கும் என் பழைய கடை தெரியும். சாவு போஸ்டர் என்று பேச்செடுத்தாலே போதும், "அதுக்கெல்லாம் நம்ம தம்பிதான் கிங்கு" என்று எவராவது ஆரம்பித்துவிடுவார். அந்தப் பெண் என்னைப் பார்க்கும் பார்வை அன்றோடு மாறிவிடும்.

"கறுப்பு வெள்ளைதான் நல்லா இருக்கும்க்கா" என்றேன்.

அவர் மூக்குத்தியிலிருந்து கையை எடுத்துவிட்டு அடுப்புப் பக்கம் போனார்.

ஒன்பது நாள் வேலை. கட்டம் போட்டு, முகத்தைப் பிரித்து, சாம்பல் நிறத்தில் மட்டும் ஏழு வகை கலந்து வைத்துக்கொண்டு வரைந்தோம். சுவர் கைக்கு வாகாக இருந்தது. கடைசி நாள் அந்தப் பெண் கீழே நின்றுகொண்டு, "அண்ணா, உங்க எழுத்து அழகா இருக்கு. அடியில முடிச்ச தேதிய நீங்களே போட்டுடுங்க" என்றாள். போட்டேன். பதினோரு வருடம் பழகிய கை, எந்த அளவில் எந்த இடத்தில் போட வேண்டுமோ அங்கே கொண்டுபோய்ப் போட்டது.

இறங்கிச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். மூன்று மாடி உயரத்துக் கண்ணீர் அஞ்சலி. ஒரே ஒரு குறை, வருந்துகிறவர்கள் வரிசை இல்லை. அதையும் கீழே பெஞ்சில் கலர் சட்டை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிரப்பிவிட்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற அந்தப் பெண்ணின் கண்ணில் தண்ணீர். "அண்ணா, இதுதான் நம்ம பெஸ்ட்" என்றாள். ஆமாம்மா என்றேன்.

திறப்பு விழாவுக்கு வெள்ளைச் சட்டைகளும் கதர்ப் பைகளும் வந்தன. டிரோன் பறந்தது. ஒருவர் இங்கிலீஷில் இருபது நிமிடம் உழைப்பைப் பற்றிப் பேசினார். அக்காவுக்குச் சால்வை போர்த்தினார்கள். கொப்பரையில் மாவு ஊற்றிவிட்டு வந்திருந்த அக்கா, இட்லி குழைந்துவிடுமே என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று எடுத்த படத்தைத்தான் எல்லோரும் போனில் அனுப்பிக்கொண்டார்கள், அக்காவை வெட்டிவிட்டு, சுவரை மட்டும்.

மூன்றாம் நாள் காலை உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு குட்டியானை வண்டி வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றது. அக்காவுடைய ஊர்க்காரர்கள். வாட்ஸ்அப்பில் படத்தைப் பார்த்திருக்கிறார்கள், போனை எடுக்கவில்லை என்றதும் முடிவே செய்துவிட்டார்கள். வேலை நேரத்தில் அக்கா போனை எடுப்பதில்லை. ஆறு பொம்பளைகள் தலைவிரி கோலமாக இறங்கி, சுவரைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். இட்லி வண்டிக்குப் பின்னாலிருந்து அக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்தார். ஒருத்திக்கு மயக்கமே வந்துவிட்டது. பஸ் ஸ்டாப்பே சிரித்தது. அக்காவும் சிரித்தார். "ஒனக்கு ஆயுசு கெட்டிடி" என்று கிழவி ஒருத்தி கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். எல்லோருக்கும் இட்லி வைத்தார். நானும் நாலு இட்லி சாப்பிட்டுக்கொண்டே சிரித்தேன்.

போகும்போது ஒரு சிக்கல். சாவுக்கு என்று வாங்கிய மாலையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. குப்பையில் போடவும் மனமில்லை. சுவரின் அடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்த மாலைதான் வேலையைக் காட்டியது. அதுவரை சந்தேகத்தில் இருந்தவர்களுக்கு உறுதியாகிவிட்டது. மறுநாள் யாரோ ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள். அதற்கடுத்த நாள் இன்னொரு மாலை. பஸ்ஸிலிருந்தே கும்பிட்டுக்கொண்டு போனார்கள். கல்லூரிப் பையன்கள் ஸ்டேட்டஸ் வைத்தார்கள். "நல்ல கைப்பக்குவம், பாவம், சாகுற வயசா." பழகிய ஆட்கள் இறங்கி வந்து, அக்கா உயிரோடு நிற்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஆனால் சாப்பிடாமல் போனார்கள். மாலைக்கும் ஊதுபத்திக்கும் கீழே உட்கார்ந்து எவன் இட்லி தின்பான்? சுமைதூக்கும் அண்ணன் ஒருவர் மட்டும்தான் வாய்விட்டுச் சொன்னார். "ஒண்ணும் நினைக்காதத்தா. வீட்டுல கேட்டா கத்துறா. எழவு வீட்டு வாசல்ல ஏன் திங்கிறனு."

மாலையை அக்கா தினமும் எடுத்துப் போட்டார். தினமும் வேறு ஒன்று வந்தது.

அவருடைய வீட்டுக்காரர் அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவரிடம் துக்கம் விசாரித்தார்கள். முதலில் கோபப்பட்டார். அப்புறம் விசாரிக்கிறவர்கள் டீ வாங்கிக் கொடுப்பதைக் கவனித்தார். கொஞ்ச நாளில் தலையைக் குனிந்துகொண்டு டீயைக் குடிக்கப் பழகிவிட்டார். "மாப்ள, ஒனக்கும் வயசாகல, ஒண்ணப் பாத்து முடிச்சிருவோமா" என்று ஆட்டோ ஸ்டாண்டில் கிண்டல் செய்தார்கள். அவர் மறுக்கவில்லை என்பதை அக்காவே என்னிடம் சொன்னார். சொல்லும்போது சிரித்தார். அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தும் நான் கூடச் சிரித்தேன்.

"தம்பி, ஒரு பொட்டு மட்டும் செவப்பா வச்சு விடுங்க" என்று அன்றுதான் கேட்டார். "சேலையெல்லாம் வேணாம். பொட்டும் மூக்குத்தியும் போதும். பாக்குறவகளுக்கு நான் உசிரோட இருக்கேன்னு தெரியும்."

சாரம் கட்டினால் அரை நாள் வேலை. "பாக்கலாம்க்கா" என்றேன்.

தினமும் கேட்டார். தினமும் பாக்கலாம்க்கா என்றேன். அமைப்புக்காரர்கள் ஊர்ச் சுவர்களையெல்லாம் படம் பிடித்துப் புத்தகம் போடப் போகிறார்கள், அதுவரை தொடக்கூடாது, அந்தச் சென்னைப் பிள்ளை சம்மதிக்காது என்று அவரிடம் சொன்னேன். அந்தப் பிள்ளையிடம் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால், முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். அக்கா மட்டும் என் தட்டில் கேட்காமலே இரண்டு இட்லி கூட வைத்தார். அதையும் தின்றேன்.

ஒரு நாள் பெஞ்சில் நாலு பேர் இருக்கும்போது கேட்டுவிட்டார். எனக்குச் சுள்ளென்று வந்தது. பையில் கிடந்த சிவப்புப் பெயிண்ட் டப்பா ஒன்றை எடுத்து வண்டியில் வைத்து, "இந்தாங்க. ஏணி கெடச்சா நீங்களே வச்சுக்கங்க" என்றேன். பெஞ்சு சிரித்தது. அக்கா மூன்று மாடி உயரத்திலிருந்த தன் நெற்றியை அண்ணாந்து பார்த்தார். பிறகு அந்த டப்பாவை எடுத்து மாவு வாளிக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தார். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. நானும் அந்தப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டேன்.

சில வாரம் கழித்துப் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். வண்டி நின்ற இடம் காலியாக இருந்தது. எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து, நாங்கள் வேலை செய்யும் ஷெட்டுக்கே அக்கா வந்தார். உள்ளறையில் சென்னைப் பெண் அடுத்த சுவருக்கான வேலையில் இருந்தாள். அக்கா உட்காரவில்லை. சிவப்பு டப்பாவை என் மேசையில் வைத்தார். அது திறக்கப்படவே இல்லை.

"சந்துக்குள்ள சொன்னாக. பதினோரு வருசம் சாவு போஸ்டர் போட்டவன் நீதானாமே." அதுவரை என்னை நீங்க என்றுதான் கூப்பிட்டவர். "அப்ப ஒனக்குத் தெரியும்."

நான் டப்பாவை எடுத்து மேசை ஓரத்துக்குத் தள்ளி வைத்தேன்.

"தெரியுமா தெரியாதா?"

"தெரியும்க்கா."

"பெறகு ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு. அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சிரும்னு."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "என் மூஞ்சியக் கொன்னு ஒன் வெக்கத்த மூடிக்கிட்ட" என்றார்.

நாளைக்கே சாரம் கட்டுகிறேன், பொட்டு, மூக்குத்தி, சேலை, எல்லாவற்றையும் கலரில் செய்துவிடுகிறேன் என்றேன். கையைக்கூடப் பிடித்தேன். உதறினார்.

"வேணாம். இப்ப வச்சா பொணத்துக்குப் பொட்டு வச்ச மாதிரி இருக்கும். இந்த ஊருக்குப் போஸ்டர்தான் புரியும். நான் உசிரோட இருக்கேன்னு போஸ்டர்ல வரணும். கலர்ல வரணும். அழுகுறவக வரிசையில."

எனக்குப் புரிந்தது. அவர் சொன்னதுதான் சரி. ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்பதை மதுரைக்குச் சொல்ல அதைவிட நல்ல வழி கிடையாது.

"யாருக்கு அழுகுறது?" என்று கேட்டேன்.

"ஒனக்கு" என்றார். "இல்லேன்னா உள்ள இருக்குற பிள்ளையக் கூப்புடுறேன். நீ யாருன்னு நானே சொல்றேன்."

உள்ளறையில் அவள் ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

சுவர்த் திறப்பு விழாவில் எடுத்த படத்திலிருந்தே என் முகத்தை வெட்டினேன். நன்றாகத்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். சொடுக்கினேன். சட்டை போயிற்று, பின்னால் இருந்த வானம் போயிற்று, உதடு சாம்பலாயிற்று. எத்தனையோ ஆயிரம் தடவை ஒரு கையால் செய்த வேலை, அன்றைக்குத்தான் இரண்டு கையும் வேண்டியிருந்தது. அடியில் அன்றைய தேதியைப் போட்டேன். அதற்குக் கீழே வருந்துகிறவர் ஒரே ஒருவர், மாம்பழ மஞ்சள் சேலை, குங்குமம், சிவப்புக் கல் மூக்குத்தி. இட்லிக்கடை, தற்போது கோரிப்பாளையம், தர்கா போகும் வழி.

அக்கா என் தோளுக்குப் பின்னால் குனிந்து திரையைப் பார்த்தார். "பூ வட்டம் எங்க?" என்றார்.

அதையும் போட்டேன்.

சிம்மக்கல், யானைக்கல், பாலத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், அன்று இரவே அச்சடித்து எல்லாச் சுவரிலும் ஆட்கள் ஒட்டினார்கள். அந்த மூன்று மாடிச் சுவரின் அடியில், மாலை வைக்கிற இடத்தில், வரிசையாக ஆறு. வீட்டில் நான் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? மறுநாள் காலை வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தெருவிலிருந்து நாலு பேர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்கள். என் மனைவி அவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திருமங்கலத்தில் அம்மாவுக்குப் பால்காரர் மூலம் செய்தி போய்விட்டது. அம்மா தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் போய் எதிரில் நின்ற பிறகும் என் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாளே தவிர அழுகையை நிறுத்தவில்லை. பதினோரு வருடத்தில் நான் ஒட்டவிட்ட போஸ்டர்களுக்குப் பின்னால் ஒவ்வொரு வீட்டிலும் இதுதான் நடந்திருக்கிறது.

சென்னைப் பெண் போஸ்டரைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் அக்காவும் சேர்ந்து செய்த புதுக் கலை முயற்சி என்று நினைத்துக்கொண்டாள். படம் எடுத்துப் போட்டாள். எங்கள் சுவரைவிட அதைத்தான் நிறையப் பேர் பார்த்தார்கள். "அண்ணா, இத டிசைன் பண்ணது யாரு? செமயா இருக்கு" என்றாள்.

"சந்துல ஒருத்தன்" என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு காலை கோரிப்பாளையம் போனேன். அக்கா கடையில் நிற்க இடமில்லை. பெஞ்சு போதாமல் பைக்குகளில் சாய்ந்துகொண்டு சாப்பிட்டார்கள். போஸ்டரைப் பார்த்துத் தேடிக்கொண்டு வந்த பழைய ஆட்கள் பாதி, புதியவர்கள் பாதி. அக்கா சாதாரணச் சேலைதான் கட்டியிருந்தார். மூக்குத்தி பளிச்சென்று தெரிந்தது. என்னைப் பார்த்ததும் ஒருவர் மெல்வதை நிறுத்தினார். பக்கத்தில் இருந்தவர் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார், எனக்கு இடம் கொடுப்பதற்காக இல்லை.

அக்கா எப்போதும் போலத் தட்டைக் கொடுத்தார். நாலு இட்லி. கூட ஒன்றும் இல்லை. கூட்டம் கொஞ்சம் குறையும்வரை நின்று, பிறகு கேட்டேன்.

"அக்கா, அந்தப் போஸ்டரக் கிழிச்சிறவா? அம்மா மதுரைப் பக்கமே வர மாட்டேங்குது. செவத்தப் பாக்கப் பயப்படுது."

அக்கா சட்னி வாளியைக் கலக்கினார். அடுத்த ஆளின் தட்டில் ஊற்றினார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"பாக்கலாம் தம்பி" என்றார்.